ஈர நெல்லும் வேளாண் பொறியியல் வகுப்பறையும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் வேளாண் பொறியியல் கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பரந்த பொருள். மண் அரிப்பு முதல் சூரிய உலர்த்தி வரை எதையும் சொல்லலாம், எதையும் சொல்லாமலும் போய்விடலாம். அதனால் இன்று ஈர நெல் என்ற ஒரு பொருளைச் சுற்றியே பேசப்போகிறேன். காவிரி டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் மாணவர்களிடம் ஒரு வார்த்தை. உங்களில் பலர் இந்தப் படிப்பை முதல் விருப்பமாக எழுதியிருக்க மாட்டீர்கள். மருத்துவம் கைநழுவிப்போயிருக்கும், கணினி அறிவியலுக்குக் கட்-ஆஃப் எட்டியிருக்காது, கலந்தாய்வில் இந்த இடம் கிடைத்திருக்கும். கல்யாணம் காட்சிக்குப் போனால், “அக்ரி படிக்கிறியா, இன்ஜினியரிங் படிக்கிறியா?” என்று உறவினர்கள் கேட்பார்கள். இரண்டும்தான் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது. டிராக்டர் பழுதுபார்க்கும் படிப்பு என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. இதற்காக நீங்கள் கூச வேண்டிய அவசியமே இல்லை. உழுகிறவர் உடம்பில் விழும் பாரத்தையும், விளைந்தது வீணாகும் அளவையும் கணக்குப் போட்டுக் குறைப்பது உங்கள் வேலை. அந்தக் கணக்கை வேறெந்தத் துறையும் முழுதாகப் போடுவதில்லை.

கணக்கு என்றேன். முதலாண்டு மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் எழுதிக்காட்டுவது வழக்கம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். நாட்டுக் கலப்பை இழுக்கும் சாலின் அகலம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வகுத்துப் பார்த்தால் 26,980 மீட்டர் வரும். அதாவது ஓர் ஏக்கரை ஒருமுறை உழுவதற்கு மாட்டின் பின்னால் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வரப்போரத்தில் திரும்புவது தனி. மூன்று உழவு உழுதால் 80 கிலோமீட்டரைத் தாண்டிவிடும், அதுவும் சேற்றில். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த பிள்ளைகள்கூட இந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். தாத்தா நடந்ததை அவர்கள் பார்த்திருப்பார்கள். அதைக் கிலோமீட்டரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தத் துறையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1907-இல் வேளாண் பொறியாளர்கள் ஒரு சங்கமாகக் கூடினார்கள். அயோவாவில் இந்தப் பாடத்தை வளர்த்த ஜே. பி. டேவிட்சன் அதன் முதல் தலைவர். இந்தியாவில் இந்தப் பட்டப்படிப்பு முதன்முதலில் தொடங்கியது அலகாபாத் வேளாண் நிறுவனத்தில், 1942-இல். மேசன் வா என்ற அமெரிக்கப் பொறியாளர் அங்கே வந்து தங்கி, நம் மாடுகள் இழுக்கக்கூடிய எடையில், நம் கருமார்கள் பழுதுபார்க்கக்கூடிய வடிவில் இரும்புக் கலப்பைகளைச் செய்துபார்த்தார். அந்த மனிதரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். பெரிய நாட்டின் பெரிய கலப்பையை அப்படியே இறக்கிவைக்காமல், இழுக்கும் மாட்டின் வலுவிலிருந்து அவர் கணக்கைத் தொடங்கினார். பிறகு கரக்பூர் ஐ.ஐ.டி. வந்தது. 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானதை ஒட்டி, அந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூரில் இந்தப் படிப்பு வேர்விட்டது. பின்னர் திருச்சிக்கு அருகே குமுளூரில் இன்னொரு கல்லூரி. கிண்டியில் வேளாண்மையையும் பாசனத்தையும் இணைத்த பொறியியல் பட்டம். இன்று தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றிலும் இந்தப் பிரிவு இருக்கிறது.

வரலாற்றை இத்துடன் விட்டுவிட்டு நெல்லுக்கு வருகிறேன்.

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தால் குறுவை நெல் சாகுபடி ஒழுங்காக நடக்கும். அது 105 முதல் 115 நாள் பயிர். செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் முடிய அறுவடை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவது சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டி. ஆக, குறுவை அறுவடையும் பருவமழையும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்கின்றன. இது எப்போதாவது நேரும் விபத்தல்ல, பயிர்த்திட்டத்திலேயே இருக்கும் மோதல். தண்ணீர் தாமதமாக வந்த ஆண்டில் மோதல் இன்னும் கடுமையாகும்.

அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கும்போது நெல்லின் ஈரப்பதம் 20 முதல் 22 விழுக்காடு இருக்கும். மழை பெய்து வயலில் தண்ணீர் நின்றால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும், அதற்கு மணிக்கு வாடகை கூடுதல். அறுத்த நெல்லை டிராக்டர் டிப்பரில் ஏற்றி அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் குவிக்கிறார்கள். அங்கே அனுமதிக்கப்பட்ட ஈரப்பதம் 17 விழுக்காடு. மழை கடுமையான ஆண்டுகளில் மத்திய அரசு இதை 19 ஆகவும் 20 ஆகவும் தளர்த்தியதுண்டு. ஒவ்வோர் ஆண்டும் கோரிக்கை போகும், குழு வரும், மாதிரி எடுத்துக்கொண்டு போகும், உத்தரவு வரும். அதற்குள் குவியலின் அடியில் நெல் முளைகட்டியிருக்கும்.

கொள்முதல் நிலையத்தில் நடப்பதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். சாக்கில் குத்தூசியைச் செருகி ஒரு கைப்பிடி நெல்லை எடுக்கிறார்கள். ஈரப்பதம் பார்க்கும் கருவிக்குள் கொட்டுகிறார்கள். சில வினாடியில் எண் வருகிறது: 19.4. விவசாயி மறுபடி பார்க்கச் சொல்கிறார். இன்னொரு சாக்கிலிருந்து எடுத்தால் 18.1. யார் சொல்வது சரி? இருவரும் சரிதான். கருவி நெல்லுக்குள் இருக்கும் தண்ணீரை நேராக அளப்பதில்லை. நெல்லின் மின்பண்பை அளந்து, அதிலிருந்து ஈரப்பதத்தைக் கணிக்கிறது. நெல் சூடாக இருந்தால் எண் மாறும், ரகம் மாறினால் மாறும், குவியலின் மேலிருந்து எடுத்ததா நடுவிலிருந்து எடுத்ததா என்பதைப் பொறுத்தும் மாறும். அதனால்தான் ஆய்வகத்தில் நெல்லை எடை போட்டு, மின்னடுப்பில் முழுமையாக உலர்த்தி, மறுபடி எடை போட்டுப் பார்க்கும் முறையோடு இந்தக் கருவியை அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவருக்கு இது தெரியும், ஒரு மதியத்தில் முடியும் செய்முறை. அந்த எண்ணை நம்பி, நெல்லைத் திருப்பிக்கொண்டு போவதா வேண்டாமா என்று நிற்கும் விவசாயிக்கு இதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இனிக் கணக்கு. ஓர் ஏக்கரில் 60 சிப்பம் நெல் விளைந்ததாக வைத்துக்கொள்வோம். சிப்பம் 40 கிலோ. மொத்தம் 2,400 கிலோ. ஈரப்பதம் 22 விழுக்காடு. இதை 17-க்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீரை வெளியேற்ற வேண்டும்? பலர் 22-இல் 17-ஐக் கழித்து, ஐந்து விழுக்காடு, 120 கிலோ என்று சொல்லிவிடுவார்கள். அது தவறு. மாறாமல் நிற்பது உலர்பொருள் மட்டும். அதை வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 145 கிலோ தண்ணீர். ஓர் ஏக்கர் நெல்லிலிருந்து 145 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. மொத்தம் சுமார் 3,48,000 கிலோஜூல். மின்சாரத்தில் சொன்னால், எதுவும் வீணாகாது என்றாலும், ஏறத்தாழ 97 யூனிட். வெயில் அடித்தால் களத்தில் பரப்பிய நெல்லுக்கு இந்த வெப்பத்தைச் சூரியன் இலவசமாகக் கொடுக்கும். அக்டோபர் கடைசியில் வெயில் எங்கே? களம் எங்கே? அதனால்தான் நெடுஞ்சாலையின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. மறு பாதியில் பேருந்தும் மோட்டார் சைக்கிளும் ஒதுங்கிப் போகின்றன. இரவில் விபத்தும் நடக்கிறது.

இதே நெல்லில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. 2,400 கிலோ நெல்லில் 480 கிலோ. ஒரு கிலோ உமி எரிந்தால் ஏறத்தாழ 13,000 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். அடுப்பிலும் உலர்த்தியிலும் வீணாவது போக மூன்றில் ஒரு பங்குதான் பயன்படும் என்று வைத்தாலும், அந்த 145 லிட்டரை ஆவியாக்க 80 கிலோ உமி போதும். நெல் தன்னைக் காயவைத்துக்கொள்வதற்கு வேண்டியதைப்போல ஆறு மடங்கு எரிபொருளைத் தன் மேலேயே போர்த்திக்கொண்டிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், உமி ஆலையில் இருக்கிறது, ஈர நெல் ஊரில் கிடக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்ப்பது யார்? அதுதான் பொறியாளரின் கேள்வி. இயந்திரத்தை வடிவமைப்பது இதில் பாதி வேலைதான். அதை எந்த ஊரில், எந்த மாதத்தில், யார் பொறுப்பில், எத்தனை ஏக்கருக்கு ஒன்றாக வைப்பது என்பது மறு பாதி. நம் பாடத்திட்டம் முதல் பாதியை நன்றாகச் சொல்லித்தருகிறது.

ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சார், ஆலையில எப்படியும் நெல்லை ஊறவெச்சு அவிக்கத்தானே போறாங்க? அப்புறம் எதுக்கு விவசாயிய இவ்வளவு கஷ்டப்பட்டுக் காயவைக்கச் சொல்றாங்க?” என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஆகச் சிறந்தவற்றில் இது ஒன்று. உண்மைதான். தமிழ்நாட்டில் பொதுவினியோகத்துக்குப் போவதில் பெரும்பகுதி புழுங்கல் அரிசி. புழுங்கலுக்கு நெல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அதன் ஈரப்பதத்தை 30 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றி, ஆவியில் அவித்து, திரும்பவும் காயவைக்கிறோம். அப்படியானால் ஊரில் ஒருமுறை காயவைத்து, ஆலையில் நனைத்து, மறுபடி காயவைக்கிறோம். கேட்டால் அபத்தமாகத்தான் தெரியும்.

பதில், இடையில் இருக்கும் நாட்களில் இருக்கிறது. கொள்முதல் செய்த நெல் அன்றே ஆலைக்குப் போவதில்லை. சேமிப்புக் கிடங்குக்குப் போகிறது, பல இடங்களில் தார்ப்பாய் போர்த்திய திறந்தவெளி அடுக்குகளாக நிற்கிறது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். நெல் உயிருள்ள வித்து, மூச்சுவிடும். ஈரம் கூடினால் மூச்சு வேகமாகும், வெப்பம் பிறக்கும், வெப்பம் பூஞ்சையை வளர்க்கும், அரிசி பழுப்பேறும். நீண்ட நாள் சேமிக்க 14 விழுக்காடு வரை இறக்க வேண்டும் என்பதும் இதனால்தான். 17 என்ற எல்லையே சேமிப்புக்கு முழுப் பாதுகாப்பு அல்ல. அந்த மாணவியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவள் கேள்வியைத் திருப்பி அவளிடமே கொடுத்தேன். அறுத்த நெல் ஓரிரு நாளில் ஊறல் தொட்டிக்குப் போய்ச் சேரும்படி ஆலையையும் லாரியையும் அறுவடையையும் ஒரே திட்டத்தில் கட்ட முடியுமா? எல்லா நெல்லுக்கும் முடியாது, ஆலைகளின் கொள்ளளவு போதாது. ஆனால் மழையில் மாட்டிக்கொண்ட பங்குக்காவது முடியுமா? அதற்கு எத்தனை ஆலை, எத்தனை வண்டி வேண்டும்? இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இதைவிட நல்ல தலைப்பு என்ன இருக்க முடியும்?

அவசரமாகக் காயவைப்பதிலும் ஆபத்து உண்டு. சூடான காற்றை வேகமாக அடித்தால் அரிசியின் மேற்புறம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உட்புறம் ஈரமாகவே இருக்கும். இந்த இழுபறியில் அரிசிக்குள் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது. ஆலையில் தீட்டும்போது நொய்யாகக் கொட்டும். அதனால்தான் சிறிது நேரம் காயவைத்து, சில மணி நேரம் காற்றை நிறுத்தி உள்ளீரம் வெளியே பரவ விட்டு, மீண்டும் காயவைக்கும் முறையைச் சொல்லித்தருகிறோம். விதைநெல்லாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், சூடு கூடினால் முளைப்புத்திறன் போய்விடும். உலர்த்தி வாங்கிக்கொடுத்தால் மட்டும் போதாது, அதை ஓட்டுபவருக்கு இந்த இயல்பு தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வாங்கிவைத்த உலர்த்தி ஒரு பருவம் ஓடிவிட்டுப் பிறகு கோழி அடையும் கூடாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதில் காய்ந்த நெல் நொய் விழுந்தது என்று ஊரில் பேச்சு பரவிவிட்டது. பேச்சில் உண்மை இருந்தது. ஓட்டியவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தஞ்சைக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய ஒரு செய்தி இந்த ஈர நெல்லில் இருக்கிறது. 1967 அக்டோபரில் அறுவடை நேரத்தில் பெய்த அடைமழையும் புயலும் டெல்டாவின் நெல்லைச் சீரழித்தன. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்பிரமணியன், ஈர நெல்லோடு சாதாரண உப்பைக் கலந்தால் அது நெல்லின் ஈரத்தை இழுத்து, முளைப்பதையும் சூடேறுவதையும் தடுத்து, சில நாள் அவகாசம் வாங்கித்தரும் என்று காட்டினார். உப்புக்குப் பஞ்சமில்லை, வேதாரண்யம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வேலையிலிருந்து திருவாரூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் எழுந்தது. அது நெல் பதன்செய் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து தஞ்சாவூருக்கு வந்தது. இன்று பட்டமும் முனைவர் பட்டமும் தரும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. ஒரு மழையில் நனைந்த நெல்தான் அந்த நிறுவனத்துக்கு வித்து. டெல்டாவின் கல்விக்கூடம் ஒன்று டெல்டாவின் வயலில் எழுந்த கேள்வியிலிருந்து பிறந்திருக்கிறது. கேள்வியோ இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இதைக் கேட்ட பிறகு நம் பாடத்திட்டத்தின் நாட்காட்டியைப் பாருங்கள். ஒற்றைப்படைப் பருவம் ஆண்டின் நடுவில் தொடங்கும். அக்டோபரில் உள்தேர்வுகள், பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, செய்முறைத் தேர்வுக்குத் தயாராவது. டெல்டாவில் அறுவடை இயந்திரங்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில் நம் மாணவர்கள் அறுவடை இயந்திரத்தின் படத்தை வரைந்து பாகம் குறித்துக்கொண்டிருப்பார்கள். நடவு இயந்திரத்தைப் பற்றிய பாடம் நடவு முடிந்த பிறகு வரும். வேளாண் கல்விக்கான தேசிய அளவிலான ‘ஸ்டூடண்ட் ரெடி’ திட்டம் 2015-இல் வந்து, தொழிற்சாலைப் பயிற்சிக்கும் அனுபவக் கல்விக்கும் இடம் கொடுத்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் பயிற்சி எந்த மாதத்தில் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பயிர் தேர்வு அட்டவணையைப் பார்த்துக் காத்திருக்காது. அட்டவணைதான் பயிரைப் பார்த்து நகர வேண்டும். இதற்குப் பணமும் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம்.

இயந்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் கைவசமுள்ள நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த நிலத்துக்காரர் டிராக்டரோ அறுவடை இயந்திரமோ சொந்தமாக வாங்கினால் கடனில்தான் முடியும். எனவே இங்கே வாடகைதான் வழி. 1981 முதல் தனித் துறையாக இயங்கும் அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. கைப்பேசிச் செயலியிலேயே பதிவு செய்யலாம். ஊருக்கு ஊர் வாடகை மையங்களும் வந்திருக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில்தான் இயந்திரம் வேண்டும். பத்து வயலுக்கு ஓர் இயந்திரம் இருந்து, பத்துப் பேருக்கும் அதே மூன்று நாளில் தேவைப்பட்டால் யாருக்கு முதலில்? வரப்புக்கு வரப்பு அதை எப்படி நகர்த்தினால் வீண் ஓட்டம் குறையும்? ‘பண்ணை இயந்திர மேலாண்மை’ என்ற பாடத்தில் இதற்குச் சூத்திரம் உண்டு. ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் அந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிற ஆள் கிடையாது.

அடுத்தது, நடவும் களையெடுப்பும். இவை இரண்டும் பெண்கள் முதுகில் நடக்கும் வேலைகள். திருந்திய நெல் சாகுபடி வந்தபோது கோனோவீடர் என்ற உருளும் களைக்கருவியும் வந்தது. வரிசைக்கு இடையில் தள்ளி இழுத்தால் களை மண்ணுக்குள் அமுங்கும், மண்ணுக்குக் காற்றும் கிடைக்கும். குனிய வேண்டியதில்லை. நல்ல கருவி. ஆனால் சேற்றில் அதைத் தள்ளப் பலம் வேண்டும், கைப்பிடி ஆணின் உயரத்துக்கு இருந்தது, பல ஊர்களில் ஆண்கள் கைக்கு அது போனது. குனிந்து களையெடுத்த பெண்ணின் முதுகுவலியோடு அவள் கூலியும் போய்விட்டது. இது கருவியின் குற்றமா, வடிவமைத்தவரின் குற்றமா? யாருடைய முழங்கை உயரத்தை அளந்து கைப்பிடியை வைத்தோம் என்று கேட்டுப் பாருங்கள், பதில் அங்கே இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தின் கீழ் நம் நாட்டுப் பெண் தொழிலாளர்களின் உடல் அளவுகளை எடுத்துத் தொகுத்திருக்கிறார்கள். அந்த எண்கள் இருக்கின்றன. கருவி செய்கிற பட்டறைக்கு அவை போய்ச்சேர வேண்டும். இன்று வகுப்பில் மாணவியர் நிறைந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி கைப்பிடியை இரண்டு விரற்கடை இறக்கி, உருளையின் எடையைக் குறைத்துச் செய்துகாட்டினால், அதன் மதிப்பு எனக்கு ஆய்விதழில் வரும் ஐந்து கட்டுரைகளைவிடப் பெரிது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. விசைக் கதிரடிப்பான்களில் கைகள் போனதைக் கண்டு 1983-இல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்றைக்கு டிராக்டரின் பின்னால் சுழலும் ரோட்டவேட்டரில் புடவைத் தலைப்போ வேட்டி நுனியோ சிக்கும் செய்திகளை வாசிக்கிறோம். சுழலும் தண்டுக்கு உறை போட வேண்டும் என்பது பாடத்தில் ஒரு வரி. களத்தில் அந்த உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். ஏன் கழற்றுகிறார்கள் என்று போய்க் கேட்டறிந்து, கழற்றத் தேவையில்லாத உறையைச் செய்ய வேண்டும். அது உயிர்காக்கும் பொறியியல்.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் பெற்றோர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். இந்தப் பட்டத்துக்கு வேலை உண்டு. அரசுத் துறையில் உதவிப் பொறியாளர், வங்கியில் வேளாண் அலுவலர், டிராக்டர் நிறுவனங்கள், சொட்டுநீர் நிறுவனங்கள், உணவு ஆலைகள், மேற்படிப்புக்குத் தனி ‘கேட்’ தேர்வு. ஆனால் அரசுப் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பும் ஆண்டுதோறும் வருவதில்லை. எனவே நல்ல மூளைகள் பலவும் போட்டித்தேர்வு மையங்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் போய் உட்காருகின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பக் கடன் அவர்களைத் துரத்துகிறது. குறை, அவர்களுக்கான இருக்கையை நாம் தப்பான இடத்தில் போட்டு வைத்திருப்பதில்தான். கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள நெல் கைமாறும் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் இருக்கிறார், சுமைப்பணியாளர்கள் இருக்கிறார்கள், காவலர் இருக்கிறார். பொறியாளர் இல்லை. ஒரு வட்டாரத்துக்கு ஒருவரையாவது, அறுவடைப் பருவத்துக்காவது, அங்கே அமர்த்தினால் கருவிகள் சரிபார்க்கப்படும், உலர்த்திகள் ஓடும், எந்தக் குவியல் முதலில் நகர வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஒரு குரல் இருக்கும். அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை, முளைத்துப்போன நெல்லின் மதிப்போடு வைத்து அரசு கணக்குப் பார்க்கட்டும். அந்தக் கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்வது, இறுதியாண்டு மாணவர்களை அக்டோபரில் இரண்டு வாரம் வகுப்பிலிருந்து விடுவியுங்கள் என்பதுதான். தேர்வைத் தள்ளி வையுங்கள். அவர்களைக் கொள்முதல் நிலையங்களுக்கும் அரவை ஆலைகளுக்கும் அனுப்பி, ஈரப்பதத்தையும் வண்டிகள் காத்திருக்கும் நேரத்தையும் குவியலின் வெப்பத்தையும் அளந்து வரச் சொல்லுங்கள். அப்படிச் சேரும் எண்களை மாவட்ட நிர்வாகத்துக்கும் உழவர் சங்கங்களுக்கும் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். இந்த அறக்கட்டளையின் ஆண்டு வட்டியில் ஒரு பகுதியை, அந்த மாணவர்களின் பேருந்துக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்குமாறு நிறுவனர் குடும்பத்தாரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்களே, உத்தரவு வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த அக்டோபரில் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கொள்முதல் நிலையத்துக்கு ஒரு சனிக்கிழமை போங்கள். அங்கே உள்ளவர்களிடம் அனுமதி கேட்டுக் குவியலின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் மாதிரி எடுங்கள். காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்து, ஆய்வக அடுப்பில் வைத்து எடை போட்டுப் பாருங்கள். கிடைத்த எண்ணை அந்த நெல்லுக்குச் சொந்தக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள்.